144-இல் ஒரு பங்கு

மனிதனை நிலவுக்குக் கொண்டுபோன சாட்டர்ன் 5 ராக்கெட்டுக்கு வந்த பிளாஸ்டிக் மாதிரிகளில் பேர்பெற்ற ஒன்று, 1969-இல் அமெரிக்காவின் ரெவெல் நிறுவனம் வெளியிட்டது. உண்மையின் 96-இல் ஒரு பங்கு; ஒட்டி முடித்தால் ஏறக்குறைய 115 செ.மீ. உயரம் நிற்கும். சிக்கல் என்னவென்றால், அது நிலவுக்குப் போன ராக்கெட்டே அல்ல. 1966 மே மாதம் ஏவுதளத்துக்கு நகர்த்திச் செல்லப்பட்டு, கோபுரமும் குழாய்களும் சரியாகப் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதற்கு மட்டும் பயன்பட்ட, பறப்பதற்கென்று செய்யப்படாத 500எஃப் என்கிற ஒத்திகை ராக்கெட்டின் சாயல் அதில் இருக்கிறது. அச்சு வெட்டும் காலத்தில் கிடைத்த வரைபடங்களும் படங்களும் அப்படி. வீட்டுக்கு வீடு போனது ஒரு மாதிரியின் மாதிரி. அரை நூற்றாண்டாகப் பெட்டியின் அட்டை மாறியிருக்கிறது, அச்சு பெரிதாக மாறவில்லை.

இந்தப் பிழையையும் இதுபோன்ற பிழைகளையும் நம்பி ஒரு சிறுதொழில் வாழ்கிறது. செக் குடியரசில் நியூ வேர் போன்ற சிறு தயாரிப்பாளர்கள், அமெரிக்காவில் இன்னும் சிலர், பெரும்பாலும் ஓரிரு பேர் நடத்தும் பட்டறைகள். பெரிய நிறுவனம் விட்ட இடத்தை இவர்கள் பிடிக்கிறார்கள்: சரியான வடிவத்தில் எஞ்சின் கூம்பு, சரியான எழுத்துருவில் ஒட்டுப்படம், மெல்லிய பித்தளையில் கைப்பிடியும் ஏணியும் ஆன்டெனாவும். தேவை எங்கிருந்து வருகிறது என்பதைக் கணக்குப் போட்டாலே தெரியும். விண்கலத்தின் வெளிப்புறத்தில் ஓர் அங்குலத் தடிமனுள்ள கம்பி இருந்தால், இந்த மாதிரிகளில் வழங்கும் இன்னோர் அளவான 144-இல் ஒரு பங்கில் அது 0.18 மி.மீ. ஆகிவிடும். உருகிய பிளாஸ்டிக் அவ்வளவு மெல்லிய பள்ளத்துக்குள் முழுசாக ஓடாது. ஓடினாலும் அச்சிலிருந்து எடுக்கும்போது முறியும். ஆகவே நிறுவனம் அதைத் தடியாகச் செய்கிறது, அல்லது செய்யாமலே விடுகிறது. அந்தத் தடிமன் சிலருடைய கண்ணை உறுத்துகிறது. உறுத்தும் கண்கள் உலகமெங்கும் சில ஆயிரம் இருந்தாலும் போதும், ஒரு பட்டறையின் அடுப்பு எரியும்.

செய்முறையைப் பார்த்தால் அந்நியமாக எதுவும் இல்லை. மிக மெல்லிய பித்தளைத் தகட்டின் இரண்டு பக்கமும் ஒளி பட்டால் கெட்டிப்படும் படலத்தை ஒட்டி, வரைபடத்தின் நெகட்டிவை மேலே வைத்துப் புற ஊதா வெளிச்சம் காட்டுகிறார்கள். ஒளி படாத படலத்தைக் கழுவிவிட்டுத் தகட்டை ஃபெரிக் குளோரைடில் இறக்குகிறார்கள். திறந்து கிடக்கும் பித்தளையை அது தின்கிறது. மடிக்க வேண்டிய இடத்தில் பாதி ஆழம் மட்டும் தின்னவிடுவார்கள். வாங்கியவர் இடுக்கியால் அந்தக் கோட்டில் மடித்தால் தகடு பெட்டியாகும். மோட்டாரிலும் பம்பிலும் ரிவெட் அடித்த பெயர்த்தகடுகளைப் பார்த்திருப்போம்; எழுத்து குழிந்த தகடுகளில் பலவும் இதே வேலைதான். கும்மிடிப்பூண்டி சிப்காட், காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டைகளில் பெயர்த்தகடு இல்லாமல் ஓடும் மோட்டாரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஃபிட்டரும் டர்னரும் அச்சு செதுக்குபவரும் நிறைந்த வட்டாரத்துக்கு இந்தச் சின்ன வேலையில் புரியாதது ஒன்றுமில்லை, அதற்கு ஒருவர் காசு கொடுப்பார் என்பதைத் தவிர.

ஏன் கொடுக்கிறார் என்பதுதான் யோசிக்க வைக்கிறது. ரெவெல் மாதிரியின் உச்சியில் இருக்கும், வீரர்கள் உட்காரும் கட்டளைக் கலம் 'பிளாக் 1' எனப்படும் பழைய வடிவம். 1967 ஜனவரி 27 அன்று ஏவுதளத்தில் ஒத்திகையின்போது தீப்பிடித்து மூன்று விண்வெளி வீரர்கள் இறந்தது அந்த வடிவக் கலத்துக்குள்தான். அதன் கதவு உள்பக்கமாக வந்து திறப்பது. உள்ளே அழுத்தம் ஏறியதும் திறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு கதவை வெளிப்பக்கம் சட்டென்று திறக்கும்படி மாற்றினார்கள். நிலவுக்குப் போனது அந்தத் திருத்திய கலம். திருத்தும் உதிரியை வாங்கி ஒட்டுபவருடைய கையில் கலமே ஓர் எலுமிச்சம்பழ அளவுதான். அதில் ஒரு கதவின் விளிம்பு எப்படி இருக்கிறது என்பது யாருக்கு வேண்டும் என்று கேட்கலாம். ஆனால் மூன்று உயிர் அந்த விளிம்பில்தான் போயிற்று. நுணுக்கம் பார்ப்பவரை நாம் கிறுக்கர் என்கிறோம். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதை நுணுக்கமாகப் பார்க்காதவரை என்ன சொல்வது என்று நமக்கு வார்த்தை வைத்துக்கொள்ளவில்லை. ஆட்கள் உள்ளே வேலை செய்ய, வெளியே பூட்டுத் தொங்கும் கிடங்குகளை நாம் எல்லோருமே பார்த்துக்கொண்டு கடந்து போகிறோம்.

இந்தப் பொழுதுபோக்கில் இன்னொரு முரணும் உண்டு. கலத்துக்குள் இருக்கையும் சுவிட்சுப் பலகையும் வைப்பதற்குத் தனி உதிரிகள் விற்கின்றன. மாதக்கணக்கில் உட்கார்ந்து, பூதக்கண்ணாடி வைத்து, ஒவ்வொரு சுவிட்சுக்கும் வெள்ளைப் புள்ளி இட்டு, கடைசியில் மேல் ஓட்டை ஒட்டி மூடிவிடுகிறார்கள். சன்னல் வழியே டார்ச் அடித்தாலும் கால்வாசிகூடத் தெரியாது. இருக்கிறது என்பது செய்தவருக்குத் தெரியும், அவ்வளவுதான். பார்வைக்கு வராத இடத்தில் ஒழுங்காக வேலை செய்வதை நாம் பெரிய குணமாகப் பாராட்டுவோம். கூலிக்கு வேலை செய்கிறவரிடம் அதையே சாதாரணமாக எதிர்பார்ப்போம். லேத்தில் நிற்பவர் கடைந்து தரும் புஷ் எங்கோ ஓர் இயந்திரத்தின் வயிற்றுக்குள் போய் மறைகிறது. அதுவும் யாருடைய கண்ணுக்கும் படாது. அளவு ஒரு மி.மீ.யில் நூறில் இரண்டு பங்கு தள்ளினால் ரிஜெக்ட், சரியாக இருந்தால் யாரும் எதுவும் சொல்வதில்லை.

அவருடைய கையில் இருக்கும் வரைபடத்தில் ஓர் எண் இருக்கும், ஒரு திருத்த எழுத்து இருக்கும், உலோகத்தின் தரம் இருக்கும். அந்தப் பாகம் எதற்குப் போகிறது என்பது இருக்காது. ஒப்பந்தம், துணை ஒப்பந்தம், அதற்குக் கீழே ஜாப் ஒர்க் என்று இறங்கி வரும்போது பெயர் வழியில் எங்கோ உதிர்ந்துவிடுகிறது. இந்திய ராக்கெட்டுகளின் பாகங்கள் நாடெங்கும் பல நூறு தனியார் தொழிற்கூடங்களில் உருவாகின்றன. அவற்றில் ஏதோ ஒன்றில், தான் கடைந்தது எங்கே போய்ச் சேர்ந்தது என்று அறியாத கை நிச்சயம் இருக்கும். அந்தப் பக்கம் மாதிரி செய்கிற மனிதருக்கோ ஒவ்வொரு வால்வின் பெயரும் அது எந்தப் பயணத்தில் மாற்றப்பட்டது என்பதும் மனப்பாடம். ஆனால் அவர் வால்வைத் தொட்டதில்லை. தொட்டவருக்குப் பெயர் தெரியாது, பெயர் தெரிந்தவர் தொட்டதில்லை. இரண்டு பேரும் ஒரே பொருளின் மேல்தான் கண் வலிக்கக் குனிந்திருக்கிறார்கள்.

பட்டறைக் காற்றிலும் இதே பிரிவு இருக்கிறது. உதிரிகளை வார்க்கும் பாலியூரித்தேன் ரெசினின் ஒரு பகுதியான ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. ரெசின் தூசும் நுரையீரலுக்கு ஆகாது. பொழுதுபோக்காகச் செய்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். வாரத்தில் ஒரு மணி நேர வேலைக்கு நல்ல முகமூடி மாட்டி, தண்ணீர் தொட்டுத் தேய்த்து, சன்னலைத் திறந்து வைக்கிறார்கள். நாள் முழுக்க இதே போன்ற ரசாயனத்தில் நிற்கிறவருடைய முகமூடி, எத்தனையோ இடங்களில், ஆய்வாளர் வரும் நாளுக்காக ஆணியில் பத்திரமாகத் தொங்குகிறது. செம்பு கரைந்து பச்சையாகிவிட்ட ஃபெரிக் குளோரைடையும் சாக்கடையில் ஊற்றக் கூடாது. மாநிலத்தின் அபாயகரமான தொழிற்கழிவுகளைக் கொண்டுவந்து புதைக்கும் நிலம் ஒன்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குள் இருக்கிறது. ஊருக்கு அது ஒரு பெருமையாகச் சொல்லப்படுவதில்லை.

மாதிரியை இங்கே வாங்க நினைத்தால், இறக்குமதியாகும் தொகுப்பு நம் சுங்கத் துறையின் பட்டியலில் பொம்மை வகை. பொம்மைக்கான அடிப்படை வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆயிற்று, 2023-இல் 70. உள்நாட்டில் செய்யட்டும் என்பது நோக்கம், தவறில்லை.

உள்நாட்டில் செய்வதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், வடக்கே கையைக் காட்டினால் போதும். பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. வானம் தெளிவாக இருந்தால், அங்கிருந்து கிளம்பும் ராக்கெட் கும்மிடிப்பூண்டியில் மொட்டை மாடியிலிருந்தே தெரியும். 2023 ஜூலை 14 அன்று மதியம் 2.35-க்கு சந்திரயான்-3 கிளம்பியபோது இந்தப் பக்கத்து மாடிகளில் ஆள் நின்றதும் அதனால்தான். அதைச் சுமந்துபோன எல்விஎம்-3 ராக்கெட் 43.5 மீட்டர், 144-இல் ஒரு பங்கில் பள்ளிக்கூட ஸ்கேல் அளவு. சந்திரயானின் விக்ரம் தரையிறங்கு கலத்தைச் சரியாகச் செய்ய நினைப்பவருக்கு வேலை நிறைய. 2019-இல் தரைமோதிய கலத்தில் ஐந்து எஞ்சின்; 2023-இல் இறங்கியதில் நடு எஞ்சின் கிடையாது, நான்குதான்; கால்கள் பலப்படுத்தப்பட்டவை. பழைய மாதிரியில் நடுக் கூம்பைப் பிடுங்கிவிட்டுக் காலை மாற்றவேண்டும். நிலவின் தரையும் வேண்டுமென்றால் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிக்கும் குன்னமலைக்கும் போகலாம்; நிலவு மண்ணுக்கு ஒப்பான பாறை அங்கே இருப்பதால், அதைப் பொடித்துத்தான் இஸ்ரோவே சோதனைத் தரை அமைத்தது. பறக்கிறவர்களுக்கும் மாதிரி இல்லாமல் ஆவதில்லை.

இனி ஏவுதளத்தையும் செய்யலாம். வெளிநாட்டு ராக்கெட்டுகளுக்கு அப்படிச் செய்கிறார்கள்: பித்தளையில் கோபுரம், ரெசினில் எரிபொருள் வண்டி, தலைக்கவசம் போட்ட அரை அங்குல மனிதர்கள். இவற்றை நிறுத்தும் பலகை எங்கே முடியவேண்டும் என்பதைச் செய்பவர்தான் தீர்மானிக்கிறார். வழக்கமாக அது சிமென்ட் தரையின் ஓரத்தில் முடிகிறது. ஸ்ரீஹரிகோட்டா ஆளில்லாத தீவாக இருக்கவில்லை. 1971 அக்டோபரில் முதல் சிறு ராக்கெட் அங்கிருந்து கிளம்புவதற்கு முன்னால் யானாதிப் பழங்குடி மக்கள் அங்கே வாழ்ந்திருந்தார்கள்; பலர் இடம்பெயர நேர்ந்தது. இன்றும் ஏவும் நாளில் பழவேற்காட்டு மீனவர் கடலுக்குப் போகக் கூடாது. மேலே போவதை ஊரே அண்ணாந்து பார்க்கும் நாளில் அவர்களுக்கு வலை காய்கிறது. ஏவுதளத்தின் ஒரு போல்ட் விட்டுப்போனால் கண்டுபிடித்துக் கடிதம் எழுதும் கண்கள், பலகையின் ஓரத்துக்கு அப்பால் விட்டுப்போனதைப் பிழையென்று சொல்வதில்லை. அது மாதிரி செய்பவருடைய குற்றமல்ல. நாம் கொடுக்கிற படங்களும் அங்கேதான் வெட்டப்பட்டிருக்கின்றன.

லேத்தில் நிற்பவரிடம் வேலையின் பெயரைச் சொல்லாததற்குக் காரணம் கேட்டால், ரகசியம் என்பார்கள். பாதுகாப்பு சம்பந்தப்பட்ட வேலைகளில் அது நியாயமாகவும் இருக்கலாம். ஆனால் தான் கடைந்த வளையம் எந்த அடுக்கில் உட்கார்ந்திருக்கிறது என்று அவர் அறிய விரும்பினால், குறுக்கே வெட்டிக்காட்டிய ராக்கெட் மாதிரியை ஒரு கடையில் வாங்கிக்கொள்ளலாம். பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று பெட்டியிலேயே போட்டிருக்கும்.