எஞ்சிய நாணயத்தின் பெறுமதி

ஒரு நாணயத்தின் கடமை யாது? கைக்குக் கை மாறுவது. உழைத்தவன் கையில் கூலியாக வந்து, கடைக்காரன் பெட்டியில் விழுந்து, மறுநாள் வேறொருவன் மடியில் ஏறுவது. மாறி மாறித் தேய்வதே அதன் வாழ்வு. ஆனால் ஐக்கிய அமெரிக்காவின் பெரிய வெள்ளி டொலர்களைச் சேகரிப்போரின் கணக்கு இதற்கு நேர்மாறானது. தேய்ந்த டொலருக்கு அவர்களிடம் மதிப்புக் குறைவு. எவர் கையிலும் ஒருநாளேனும் புழங்காத டொலருக்கே விலை மிகுதி. தன் தொழிலை ஒருபோதும் செய்யாத பொருளே தன் இனத்துள் உயர்ந்ததாகிறது. இதனை வெறும் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை. பெறுமதி எங்கிருந்து பிறக்கிறது என்ற பழைய வினா இதனுள் கிடக்கிறது.

இந்நாணயம் 26.73 கிராம் நிறையுடையது. பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. மோர்கன் என்னும் செதுக்குநர் அமைத்த உருவத்துடன் 1878 முதல் 1904 வரையும், மீண்டும் 1921இலும் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டது. மக்கள் கேட்டு அடித்ததன்று. மேற்கு மாநிலங்களின் சுரங்க முதலாளிகள் தம் வெள்ளிக்குச் சந்தை வேண்டினர். கடன்பட்ட விவசாயிகளும் பணப்புழக்கம் பெருகினால் தம் சுமை குறையும் என நம்பினர். அதன் விளைவாக, மாதந்தோறும் இருபது இலட்சம் டொலருக்கேனும் அரசு வெள்ளி வாங்கி நாணயமாக்க வேண்டுமென 1878இல் சட்டம் வந்தது. பாரமான காசைச் சுமக்கப் பெரும்பாலோர் விரும்பவில்லை. ஆகவே ஆயிரம் ஆயிரமாகச் சாக்குகளில் கட்டப்பட்டு அது திறைசேரியின் நிலவறைகளில் உறங்கியது. நெவாடாவின் சுரங்கங்களில், வெந்நீர் ஊறும் ஆழத்தில் தொழிலாளர் வெட்டியெடுத்த வெள்ளி, மேலே வந்து முத்திரை பெற்று மீண்டும் நிலத்தின் கீழேயே போய்ச் சேர்ந்தது!

பின்னர் உருக்கும் காலம் வந்தது. முதலாம் உலகப் போரின் இறுதி ஆண்டுகளில் இந்தியாவில் மக்கள் காகித நோட்டை நம்பாது வெள்ளி ரூபாயைக் கேட்டு நெருக்கினர். பிரித்தானிய ஆட்சியின் வெள்ளிக் கையிருப்பு வற்றலாயிற்று. 1918இல் பிற்மன் சட்டம் என்பதன் கீழ் அமெரிக்கா 27 கோடிக்கு மேற்பட்ட வெள்ளி டொலர்களை உருக்கியது. அவற்றின் பெரும்பகுதி பிரித்தானியாவுக்கு விற்கப்பட்டு இந்திய ரூபாய்க்கெனக் கப்பலேறியது. அந்நாளில் இலங்கையிலும் இந்திய வெள்ளி ரூபாய் சட்டப்படி செல்லும் நாணயமாயிருந்தது. உருக்கியதற்கு ஈடான வெள்ளியை உள்நாட்டுச் சுரங்கங்களிடமே அவுன்ஸ் ஒரு டொலருக்கு வாங்க வேண்டும் என்றும் அச்சட்டம் விதித்தது. சந்தை விலை சரிந்த பின்னரும் அரசு அதே விலையைக் கொடுத்தது. ஆதாயம் யாருக்கு என்பதை விளக்க வேண்டியதில்லை.

எந்தெந்த ஆண்டின் காசுகள் உலைக்குப் போயின என்று எவரும் எழுதி வைக்கவில்லை. சேகரிப்போரின் உலகம் இந்த அறியாமையின் மேலேயே எழுந்தது. 1903இல் நியூ ஓர்லியன்ஸ் நாணயசாலை 44 இலட்சத்துக்கு மேற்பட்ட டொலர்களை அடித்தது. அவை அநேகமாக அழிந்தன என்றே நெடுங்காலம் நம்பினர். புழங்காத ஒன்றுக்கு 1,500 டொலர் என விலைப் பட்டியல் கூறிற்று. 1962இன் இறுதியில் திறைசேரியின் பழைய சாக்குகள் சில அவிழ்க்கப்பட்டன. உள்ளே அந்தக் காசுகளே! விலை சில பத்து டொலர்களாக வீழ்ந்தது. நாணயத்தில் ஓர் அணுவும் மாறவில்லை. அதே வெள்ளி, அதே முத்திரை. அதன் உடன்பிறப்புகள் உயிரோடிருக்கின்றன என்ற செய்தி மட்டுமே புதிது. அச்செய்தி உரியவனுக்கு இழவுச் செய்தியாயிற்று.

நாம் தயங்குவது இவ்விடத்திலேயே. பிறர் இல்லாமையால் வரும் பெருமையைப் பெருமை எனலாமா? ஆசிரியத் தொழிலில் இருப்போர்க்கு இம்மயக்கம் புதிதன்று. வகுப்பில் ஒருவன் மட்டும் சித்தியெய்தினால் பள்ளி வாசலில் அவன் படம் தொங்குகிறது. முப்பது பேரும் சித்தியெய்தினால் பரீட்சை இலகுவாயிருந்தது என்கிறோம்.

1804ஆம் ஆண்டு பொறித்த டொலரின் கதை இன்னும் விசித்திரமானது. அது 1804இல் அடிக்கப்பட்டதே அன்று. மஸ்கற் சுல்தானுக்கும் சீயம் மன்னருக்கும் அன்பளிப்பாக அனுப்பவென 1834இல் செய்யப்பட்டது. அவ்வாறு முதலில் செய்தவற்றுள் இன்று அறியப்படுவன எட்டே. பின்னர் நாணயசாலை ஊழியர் சிலர் இரகசியமாக மேலும் சில அடித்தனர். சந்தையில் ஒரு பிடி தானியமும் வாங்காத அந்த நாணயங்களுள் ஒன்று 2021இல் 76,80,000 டொலருக்கு ஏலம் போயிற்று.

சேகரிப்போரைப் பழித்துவிட்டு ஓய்வது நியாயமன்று. அரசுகள் உருக்கியதை அவர்கள் காத்தனர். அவர்களது ஓயாத துருவலின்றி மேற்கூறிய வரலாற்றில் பாதியை நாம் அறிந்திரோம். ஒரு காசை உருப்பெருக்காடியின் கீழ் வைத்து அதன் பிறப்பிடத்தைத் தேடுபவனிடம் அறிவுத் தாகம் உண்டு. ஆயினும் அவன் தேடும் பிறப்பிடம் நாணயசாலையின் வாசலோடு நின்றுவிடுகிறது. சுரங்கம் வரை செல்வதில்லை.

நண்பரொருவர் வீட்டில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் 1918ஆம் ஆண்டு ரூபாய் ஒன்றைக் கண்டோம். அவருடைய பாட்டியார் முடிச்சில் கட்டி வைத்திருந்தது. மன்னரின் மூக்கும் தாடியும் மழுங்கி, முகம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. நெவாடாவின் வெள்ளி அதில் கலந்திருக்குமோ என்று சொல்ல வழியில்லை. சேகரிப்போர் அதனைத் திரும்பியும் பாரார். அடைவுகடையில் நிறுத்து எடுப்பார்களாம். நண்பர் கொடுக்க மறுத்துவிட்டார்.