திறந்த கதவு போதுமா?

பொது நன்மைக்கென ஒரு கதவைத் திறந்து வைத்தவரின் கடமை, அதைத் திறந்ததோடு முடிந்துவிடுகிறதா? உள்ளே வந்தவர் வந்த காரியத்தை நிறைவேற்றிச் செல்லும்வரை துணைநிற்கும் பொறுப்பும் அவருக்கு உண்டா? நீதியைக் குறித்துச் சிந்திக்கும் எவரும் ஒருநாள் இவ்வினாவைச் சந்தித்தே ஆகவேண்டும். மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் இது எழக்கூடும். எனினும், இது மிகக் கூர்மையாக எழும் இடம் ஒன்று உண்டு. அதுவே சமுதாயக் கல்லூரி.

கதவு திறந்த வரலாறு

1901-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்திலுள்ள ஜோலியட் நகரில் ஆறே மாணவர்களுடன் ஓர் இளநிலைக் கல்லூரி தொடங்கிற்று. சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் உள்ளூர் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஸ்டான்லி பிரவுனும் அதற்கு வித்திட்டனர். ஊரைவிட்டுச் செல்ல வசதியற்றோர் பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளை உள்ளூரிலேயே படிக்கட்டும் என்பது அவர்கள் எண்ணம். 1947-இல் அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு இத்தகைய கல்லூரிகள் நாடெங்கும் பெருகவேண்டும் என்று பரிந்துரைத்தது. ‘சமுதாயக் கல்லூரி’ என்னும் பெயரும் அதன் வழியாகவே பரவிற்று. இன்று அந்நாட்டில் இவை ஏறத்தாழ ஆயிரம் உள்ளன.

பெரும்பாலான சமுதாயக் கல்லூரிகளின் அடிப்படை விதி எளியது: வர விரும்புவோர் வரலாம். மதிப்பெண் குறைந்தவர், பகலெல்லாம் உழைத்துவிட்டு மாலையில் படிக்க வருபவர், குழந்தையை வளர்த்துக்கொண்டே படிக்கும் தாய், ஆங்கிலம் பழகாத புதுக் குடியேறி என யாவருக்கும் அங்கே இடமுண்டு. சமத்துவத்தின் அழகிய சின்னம் அன்றோ இது!

ஆறச் செய்தல்

ஆனால் அக்கதவின் மறுபுறத்தையும் ஒருவர் உற்றுநோக்கினார். அவர் சமூகவியலாளர் பர்ட்டன் கிளார்க். கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரக் கல்லூரி ஒன்றை ஆராய்ந்து, 1960-இல் அவர் எழுதிய கட்டுரை பலரின் உறக்கத்தைக் கலைத்தது. பல்கலைக்கழகப் பட்டத்தைக் கனவு கண்டு வரும் மாணவர் பலரை, நுழைவுச் சோதனைகள், ஆலோசகரின் அறிவுரைகள், எச்சரிக்கைக் கடிதங்கள் ஆகியவை சிறிது சிறிதாக வேறு திசைக்குத் திருப்புகின்றன என்றார் அவர். இறுதியில் மாணவரே, ‘எனக்கு இவ்வளவுதான் இயலும்’ என ஒப்புக்கொள்கிறார். கதவை அடைத்தவர் என்று எவரையும் அவர் குறைகூறுவதில்லை. தம்மையே குறைகூறிக்கொள்கிறார்.

இதற்குக் கிளார்க் இட்ட பெயர் ‘ஆறச் செய்தல்’ என்று பொருள்படும். சூதாடிகளின் வழக்கிலிருந்து வந்த சொல் அது. ஏமாந்தவன் காவல் நிலையத்திற்கு ஓடிவிடாதபடி, கூட்டத்தில் ஒருவன் பின்தங்கி நின்று அவனைத் தேற்றுவானாம்! கல்விப் பணியாளரைச் சூதாடிக்கு ஒப்பிடுவது கொடுமையாகத் தோன்றலாம். ஆலோசகர் நல்லெண்ணம் உடையவரே. இயலாத ஒன்றை இயலும் என்று சொல்லி ஒருவரின் ஆண்டுகளை வீணாக்குவதும் அறமாகாது. ஆகவே, அவர் உரைப்பது உண்மையாயின் அதில் குற்றமென்ன?

அது உண்மைதானா என்பதே இங்கு வினா. ஒருவரின் ஆற்றலை அளந்தோம் என்று நாம் நினைக்கும்போது, பல வேளைகளில் அவரது வறுமையைத்தான் அளந்திருக்கிறோம்.

ஒரு சோதனை

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் தன் சமுதாயக் கல்லூரிகளில் 2007-ஆம் ஆண்டு ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. உதவித்தொகை போக எஞ்சிய கல்விக் கட்டணம் மாணவருக்குத் தள்ளுபடி செய்யப்பட்டது. பாடநூல்களும், நகரப் பேருந்திலும் சுரங்க ரயிலிலும் செல்வதற்கான மாதப் பயணச் சீட்டும் இலவசமாகக் கிடைத்தன. பொதுவாக ஓர் ஆலோசகருக்கு அறுநூறுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இருந்த இடத்தில், இத்திட்டத்தில் அறுபது முதல் எண்பது பேரே இருந்தனர். பதிலுக்கு மாணவரிடம் சிலவும் கேட்கப்பட்டன. முழுநேரமாகப் படிக்கவேண்டும். அடிப்படைப் பாடங்களைத் தள்ளிப்போடாது முதலிலேயே முடிக்கவேண்டும். ஆலோசகரைத் தவறாது சந்திக்கவேண்டும்.

இதன் பயனை அறிய, வருவாய் குறைந்த 896 மாணவர்கள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். 2015-இல் வெளியான முடிவு இது: வழக்கமான வசதிகளை மட்டும் பெற்றோரில் மூன்றாண்டுகளில் பட்டயம் பெற்றவர் நூற்றுக்கு 22 பேர். திட்டத்தில் சேர்ந்தோரிலோ 40 பேர். இரு பிரிவினரும் ஒரே வகையினர். அவர்கள் நுழைந்த கதவும் ஒன்றே. அப்படியானால், ‘தகுதியில்லை’ என்று எழுதப்படவிருந்த பலருக்கு உண்மையில் இல்லாதிருந்தது எது? பயணச் செலவு, பாடநூல், பெயர் சொல்லி அழைத்து நலம் கேட்கும் ஒருவர். இவையே.

கைகொடுத்துப் பார்த்தபின் சொல்லப்படும் ‘இயலாது’ வேறு. கைகொடுக்காமலே சொல்லப்படும் ‘இயலாது’ வேறு. முன்னது உண்மையாக இருக்கக்கூடும். பின்னது உண்மையின் உடை உடுத்திய அநீதி.

அழைப்பும் வாக்குறுதியும்

இங்கே ஒரு மறுப்பு எழும். ‘எல்லாருக்கும் ஒன்றுபோல் செய்வதே நீதி. சிலருக்கு மட்டும் கூடுதலாகச் செய்வது சலுகையாகாதா?’ அரிஸ்டாட்டில் இதற்கு ஒரு வழி காட்டுகிறார். மல்லன் மைலோவுக்குப் போதாத உணவு, பயிற்சியைத் தொடங்கும் ஒருவனுக்கு மிகுதியாகிவிடும். எனவே அளவு என்பது ஆளைப் பொறுத்தது என்பது அவர் கருத்து. ஒரே அளவைக் கொடுப்பது எண்ணிக்கையில் சமம்; அறத்தில் சமமாகாது.

‘செலவுக்கு எங்கே போவது?’ என்பது அடுத்த மறுப்பு. நியூயார்க் திட்டத்தில் ஒரு மாணவருக்கு ஆன செலவு மிகுந்தது உண்மையே. ஆயினும் படிப்பை முடித்தோர் பெருகியதால், ஒரு பட்டயத்திற்கு ஆன செலவு குறைந்தது. பாதிவழியில் நின்றுபோன படிப்பே எல்லாவற்றிலும் விலை உயர்ந்த படிப்பு.

கணக்கிற்கு அப்பாலும் ஒரு காரணம் உண்டு. அழைப்பு என்பது வாக்குறுதி. விருந்துக்கு வருக என்று ஊரைக் கூட்டிவிட்டுப் பந்தியில் சிலருக்கு இலை போடாதிருப்பவனை நாம் என்ன சொல்வோம்? ‘நான் யாரையும் தடுக்கவில்லையே!’ என்று அவன் கூறினால் ஏற்போமா? மாணவரின் கட்டணத்தையும் இளமையின் சில ஆண்டுகளையும் பெற்றுக்கொண்ட நிறுவனம், ‘கதவு திறந்துதான் இருந்தது’ என்று கைகழுவுதல் தகாது.

குளக்கரையில் கிடந்தவர்

யோவான் நற்செய்தியில் வரும் பெத்சதா குளம் நமக்கு நன்கு தெரிந்ததே. ஐந்து மண்டபங்கள் கொண்ட அக்குளத்திற்கு யாரும் வரலாம். பூட்டும் காவலும் இல்லை. எனினும், முப்பத்தெட்டு ஆண்டுகள் நோயுற்றிருந்த ஒருவர் அதன் கரையிலேயே கிடந்தார். தம்மை இறக்கிவிட ஆளில்லை என்பதே அவர் முறையீடு. திறந்த கதவு மட்டும் போதாது என்பதற்கு இதனினும் தெளிவான உருவகம் உண்டோ?

அந்நிகழ்ச்சியில் நாம் எளிதில் கடந்துபோகும் ஒன்றும் உண்டு. இயேசு அவரைத் தூக்கிச் சுமக்கவில்லை. நலம்பெற விரும்புகிறாரா என்று முதலில் கேட்டார். பிறகு அவரே எழுந்து, தம் படுக்கையைத் தாமே எடுத்து நடக்கச் செய்தார். உதவி பெறுவோரின் விருப்பத்தைக் கேளாமலும், அவரிடம் எதையும் எதிர்பாராமலும் செய்யப்படும் உதவி அவரைச் சிறுமைப்படுத்தும். துணைநிற்றல் வேறு, சுமந்துகொண்டே திரிதல் வேறு.

நம்மிடையே

இச்சிந்தனை நமக்கு அயலானதன்று. 1995-இல் புதுவைப் பல்கலைக்கழகமும், 1996-இல் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டமும் தொடங்கிய சமுதாயக் கல்லூரிகளே இந்தியாவில் இவ்வியக்கத்திற்கு முன்னோடிகள். இயேசு சபைக் குரு சேவியர் அல்போன்ஸ் அதனைப் பரப்பப் பெரிதும் உழைத்தார். பள்ளிப் படிப்பைக் கைவிட்டோருக்கும் வயது கடந்தோருக்கும் இடமளித்து, கைத்தொழிலோடு வாழ்க்கைத் திறன்களையும் கற்பித்து, தொழிலகங்களில் நேரடிப் பயிற்சியும் தந்தமை இவ்வியக்கத்தின் தனிச்சிறப்பு. பின்னர், 2012–2017 ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் பல்கலைக்கழக மானியக் குழுவும் சமுதாயக் கல்லூரிகளுக்கு நிதியளிக்க முன்வந்தது.

ஆயினும் கிளார்க்கின் வினா இங்கும் நம்மை விடுவதில்லை. செவிலியர் உதவியாளர் பயிற்சியும் குளிர்சாதனப் பழுதுபார்ப்பும் மாண்புள்ள தொழில்களே. ஆனால் அவற்றை நாம் யாருக்குப் பரிந்துரைக்கிறோம்? நம் பிள்ளைக்குப் பொறியியல், நம் வீட்டில் வேலை செய்பவரின் பிள்ளைக்குச் சான்றிதழ்ப் படிப்பு என்று மனத்திற்குள் முன்னரே பங்கிட்டு வைத்திருப்போமாயின், நாமும் ஆறச் செய்பவர்களே. தொழிற்பயிற்சி ஒருவருக்கு வாயிலா மதிலா என்பதை அறிய ஓர் உரைகல் உண்டு: அவர் விரும்பினால் அதற்கப்பால் செல்லப் பாதை இருக்கிறதா? பாதை இருந்தும் தொழிலையே அவர் தேர்ந்துகொண்டால் அது அவரது உரிமை. பாதையே இல்லாதபோது அதைத் தேர்வு என்று அழைப்பது நம் வசதிக்காக மட்டுமே.

கட்டடம் எழுப்ப நன்கொடை தருவோர் நம்மிடையே பலர். அவர்கள் பெயர் கல்லில் பொறிக்கப்படுகிறது. ஒரு மாணவியின் ஓராண்டுப் பேருந்துக் கட்டணத்திற்கு யார் பெயரும் பொறிக்கப்படுவதில்லை. மூன்று நாள் வகுப்புக்கு வராதவரின் வீட்டுக்குச் சென்று, ‘என்னம்மா, உடம்புக்கு முடியவில்லையா?’ என்று கேட்பவருக்கும் கல்வெட்டு கிடையாது. ஆனால், திறந்த கதவை நீதியின் கதவாக்குவோர் அவர்களே.