பொதுவனமும் சிவசொத்தும்



சிவசொத்தை அபகரித்தல் பெரும்பாவம் என்பதை நம் பாடசாலைச் சிறுவரும் அறிவர். கோயிற் காணியில் வீழ்ந்து கிடக்குந் தேங்காயொன்றைத் தம் வீட்டுக்குக் கொண்டுபோக நம்மவர் அஞ்சுவர். அங்ஙனம் அஞ்சும் ஒருவரே, வன்னிப் பொதுவனத்தினின்றும் களவாகத் தறித்துக் கொண்டுவரப்பட்ட முதிரைப் பலகையை, இஃது எங்கிருந்து வந்தது என்று வினவாது, மலிந்த விலைக்கு வாங்கிக் கதவு செய்விக்கவுங் கூடும். அக்கதவு வீட்டுக்காயினுங் கோயிலுக்காயினும் குற்றம் ஒன்றே. முன்னதற்கு அஞ்சும் நெஞ்சம் பின்னதற்கு அஞ்சாமை என்னை? இதனை ஆராய்ந்து மாணவர்க்கு உணர்த்துதல் நங்கடனாம்.

சிவசொத்தாவது யாது? ஒருவர்க்கு உரிமையாகாது, எல்லார் நன்மைக்கும் உரியதாய், தருமகருத்தர் காவலில் இருந்து, இனிப் பிறப்பவர்க்குங் குறையாது சேரவேண்டுவது. பொதுவனத்துக்கும் இவ்விலக்கணம் முழுதும் பொருந்தும். அன்றியும், உயிர்கள் பிறக்கும் எழுவகைப் பிறப்பினுள்ளே தாவரமும் ஒன்று என்பது நம் சமயத் துணிபு. ஆகவே மரம் வெறுஞ் சடப்பொருளன்று. வினைவழியே நம்மைப்போல உடம்பெடுத்த ஓருயிர் ஆம். வேண்டிய அளவுக்கு முறையறிந்து கொள்ளுதல் வேறு. ஆசை மேற்கொண்டு அழித்தல் வேறு.

நம் தலங்கள் பல காட்டின் பெயராலேயே வழங்குகின்றன. ஆலங்காடு, வெண்காடு, மறைக்காடு என்பன சில. சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயரைத் தந்த மரம் உவர்நீர்க் கரையில் வளர்வது. அஃது அவ்வூர்க்கணித்தாகிய பிச்சாவரத்துச் சதுப்புக் காட்டில் இன்றும் உண்டு. ஈழத்துக் களப்புக் கரைகளிலும் உண்டு. மறைக்காட்டை அடுத்த கோடிக்கரைக் காட்டிலே மிகுந்து நிற்பது பாலை. கடலுக்கு இப்பால் வன்னியிலும் அப்பாலையே நிற்கின்றது. தலமரத்தை வலம் வருகின்ற நாம், அம்மரங்களைப் பெற்ற காட்டை மறத்தல் தகுமோ?

பாலையின் இயல்பைச் சிறிது நோக்குக. அது மிக மெதுவாய் வளர்வது. ஒருவர் நட்டதை அவர் பேரன் காலத்திலேயே பெருமரமாகக் காணலாம். அதன் மரம் மிக வலியது. முற்காலத்தில் இருப்புப்பாதைச் சிலிப்பர் கட்டைகளுக்காகப் பெருந்தொகையாகத் தறிக்கப்பட்டது. ஆடித் திருவிழாவுக்குக் கதிர்காமத்துக்குக் கால்நடையாய்ச் செல்லும் அடியார், உகந்தையைக் கடந்து குமணை, யாலைக் காடுகளின் வழியே போகின்றனர். அக்காலத்தை ஒட்டிப் பாலை பழுக்கும். கரடியும் குரங்கும் பறவையும் அப்பழத்தால் வாழும். ஒரு பாலை வீழின், நூறாண்டாக நடந்துவந்த ஓர் அன்னசாலை மூடப்பட்டது என்றறிக.

காடு நீர்க்குங் காவலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. வன்னியிலோ கனகராயன் ஆறு காடுகளினூடே வந்து இரணைமடுவை நிரப்புகின்றது. மேற்காடு அழியின், மாரிமழை மண்ணை அரித்துக் கொண்டுவந்து குளத்தைத் தூர்க்கும். கோடையில் ஊற்றும் வறளும். குளக்கட்டைக் காப்பவர் காட்டையுங் காத்தல் வேண்டும்.

இனி, இக்காட்டின் தருமகருத்தர் யாவர்? இலங்கையிலே வனச்சட்டம் 1885 இல் முதன்முதல் இயற்றப்பட்டது. 1887 இல் வனவளத் திணைக்களம் நிறுவப்பட்டது. 1907 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டமே பல திருத்தங்களோடு இன்றும் ஆள்கின்றது. அத்தகைய காவல் இருந்தும், 1956 இல் நாட்டு நிலப்பரப்பில் நூற்றுக்கு 44 பங்காய் இருந்த காடு, 2010 இல் ஏறக்குறைய 30 பங்காய்க் குறைந்தது. குடியேற்றமும் நீர்ப்பாசனத் திட்டமும் சேனைப் பயிருங் களவுந் தறிப்பும் இதற்குக் காரணங்கள். சட்டமுங் காவலாளரும் மட்டுங் காட்டைக் காத்தல் அரிது என்பது இதனால் விளங்கும்.

“திணைக்களத்தார் ஒன்று தறித்தால் ஒன்று நடுகின்றனரே, குறை யாது?” எனச் சிலர் கூறுவர். கூறுவாம். அவர் மிகுதியாய் நட்டவற்றுள் ஒன்று தேக்கு. தேக்கு இந்நாட்டுக்குரிய மரமன்று. 1680 ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தர் நம் கோப்பாயிலே அதனை முதன்முதல் நட்டனர் என்பர். பலகைக்கு அது சிறந்ததே. ஆயினும் தேக்கு நிரை காடாகாது. பாலையும் வீரையும் முதிரையும் கருங்காலியும், அவற்றின்கீழ்ச் செடியுங் கொடியும், அவற்றை நம்பிய உயிர்களும் கூடியதே காடு. திணைக்களமும் இதனை உணராமலில்லை. சிங்கராசவனத்தில் ஒட்டுப்பலகைக்காக 1970 களிலே தொடங்கிய தறிப்பு, மக்கள் எதிர்ப்பால் 1977 இல் நின்றது. அவ்வனம் 1988 இல் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டது. அதன் எல்லையிலே முன் நடப்பட்ட பைனஸ் மரங்களின் நிழலிற் சுதேச மரக்கன்றுகளை நட்டு வளர்க்கும் முயற்சியும் நடைபெற்றது. பிழையைக் கண்டு திருத்துவோர்க்குத் துணைநிற்றல் அறமாம்.

வேறொரு தடை இதனினும் வலியது. யுத்தம் 2009 இல் முடிந்தபின் வன்னிக்கு மீண்டோர் பலர், தாம் உழுத வயலும் குடியிருந்த நிலமும் பற்றைமூடி வன எல்லைக்குட் சேர்க்கப்பட்டன என்று முறையிட்டு வருகின்றனர். “எம் நிலத்தைக் கொண்டவரின் காட்டை யாம் ஏன் காக்கவேண்டும்?” என அவர் பிள்ளைகள் உம்மை வினவுவர். அவ்வினாவைக் கடிந்து ஒதுக்கற்க. அவர் துயர் மெய்யானது. உறுதியும் அனுமதிப்பத்திரமும் உடையோர் பிரதேச செயலகத்திலும் நீதிமன்றிலும் தம் உரிமையைக் கேட்டல் முறையே. அவர்க்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தல் உமக்குந் தருமமே. காவல் செய்வோர், தாம் தருமகருத்தரேயன்றி உடையவரல்லர் என்பதை மறவாது, எல்லையிடுமுன் ஊரவரைக் கேட்டல் வேண்டும். ஆயினும் பிள்ளைகளுக்கு இதனையும் விளக்குக: காடு திணைக்களத்தின் உடைமையன்று. தருமகருத்தர் ஒருவர் நம்மோடு மாறுபட்டார் என்று கோயில் விளக்கை நாம் அணைப்பதில்லை. மரக்களவு செய்பவன் அதிகாரியை வெல்வதில்லை. தன் ஊர்க் குளத்தையே தூர்க்கின்றான்.

ஆசிரியர்களே, நீவிர் செய்யத்தக்கன சில கூறுவாம். முதலாவது, மாணவர்க்கு மரத்தின் பெயரைக் கற்பியுங்கள். ஆப்பிளின் படத்தை அறிந்த பிள்ளை வீரையையும் இலுப்பையையும் மருதையும் கண்டறியாதிருத்தல் நமக்கு இழிவு. பெயரறியாப் பொருளுக்கு இரங்குவார் இலர். இரண்டாவது, பாடசாலையிற் சிறு நாற்றுமேடை அமையுங்கள். ஒதுக்கிய வனத்துள் அனுமதியின்றிப் புகுந்து விதை எடுத்தல் வேண்டா; கோயில் வீதியிலும் தெருவோரத்திலும் நிற்கும் மரங்களின் விதையே போதும். மூன்றாவது, மாரி தொடங்கும் ஐப்பசியில் நடுங்கள். விழாவுக்கு நட்டு மறுநாள் மறத்தல் உயிர்க்கொலையை ஒக்கும். ஒவ்வொரு கன்றையும் ஒரு வகுப்பின் பொறுப்பில் விட்டு, அடுத்த கோடையிலும் நீர் ஊற்றுவியுங்கள். நான்காவது, வீட்டுக்கோ கோயிற்றிருப்பணிக்கோ மரம் வாங்கும்போது அனுமதிப்பத்திரத்தைக் கேட்கும் வழக்கத்தை நீவிரே முதலிற் கைக்கொள்ளுங்கள். ஆசிரியர் வீட்டுக் கதவைப் பார்த்தே மாணவர் கற்பர்.

பிறர் நந்தவனத்திற் களவாற் கொய்த பூவை இறைவன் ஏலான் என்று நாம் போதிக்கின்றோம். பொதுவனத்திற் களவாற் கொண்ட மரத்தால் ஆகிய கதவினூடே அவன் சந்நிதிக்குச் செல்லுதல் எங்ஙனம் பொருந்தும்? இவ்வினாவை உங்கள் வகுப்பிலே ஒருமுறை எழுப்புங்கள். விடையைப் பிள்ளைகளே சொல்லுவர். அவர் சொல்லியபடி நடத்தற்கு நமக்கும் அவர்க்கும் திருவருள் துணைசெய்க.