ஈமக்குழியும் அடுப்பங்கரையும்

ஒரு மனிதனை அறிய அவன் கல்லறைக்குச் செல்வதா, அவன் வீட்டு அடுப்பங்கரைக்குச் செல்வதா? விளையாட்டாகத் தோன்றும் இவ்வினாவை, கருங்கடலுக்கு வடக்கே விரிந்து கிடக்கும் புல்வெளியின் தொல்லியல் வரலாறு மெய்யாகவே நம்முன் வைக்கிறது.

அப்புல்வெளியில் முதலிற் கண்ணிற்படுவன குர்கான் எனப்படும் ஈம மேடுகள். சமநிலத்தில் அவை நெடுந்தொலைவிலும் தெரியும். ஆதலின் ஆய்வாளர் முதலில் அவற்றையே அகழ்ந்தனர். (பொன் தேடி அகழ்ந்தவர்களும் உண்டு.) வசிலி கொரோத்சோவ் 1901இல் கார்க்கோவ் மாநிலத்து இசியூம் வட்டாரத்திலும், 1903இல் பாக்முத் வட்டாரத்திலும் மேடுகளை ஆராய்ந்தார். ஒரே மேட்டில் எக்குழி அடியில் உள்ளது, எக்குழி மேலே உள்ளது என்று பொறுமையுடன் நோக்கி, வெண்கலக் காலத்தை மூன்றாகப் பகுத்தார். பழையது வெறும் பள்ளக்குழி. அடுத்தது பக்கவாட்டிற் குடைந்த நிலவறை. பிற்பட்டது மரக்கட்டை அடுக்கிய குழி. இப்பகுப்பு இன்றும் பெரும்பாலும் நிலைத்துள்ளது. ஆயினும் அதன் விளைவொன்றைக் கருதுங்கள்: பிணம் புதைத்த முறையே அம்மக்களுக்குப் பெயராயிற்று! அவர்கள் எங்கே உறங்கினர், எதைச் சமைத்தனர் என்பதற்கு அப்பெயரில் இடமில்லை.

வீடுகள் கிடைக்கவில்லை, எனவே ஊரில்லா நாடோடிகள் என்ற எண்ணம் வலுத்தது. “யாம் காணவில்லை” என்பது “அவர்க்கு இல்லை” என மாறிய இடம் இதுவே. இதனை வெறும் அறிவுப் பிழை என்று கடந்துவிட எனக்கு மனம் வரவில்லை. மறுமொழி கூற இயலாதாரைப் பற்றித் தீர்ப்புரைக்கும்போது, தேடாத குறையை அவர்கள்மேல் ஏற்றுவது அறமாகுமா? சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் வீட்டுக்காரரின் இசைவு கேட்டு, வாடகை வீடு மாறிமாறி வாழும் நம்மனோர்க்கு இவ்வினா எளிதில் உறைக்கும்.

1952இல் தினீப்பர் ஆற்றின் கீழ்ப்பகுதியில், மிகைலோவ்கா என்னும் ஊரருகே அகழாய்வு தொடங்கியது. பள்ளக்குழி மக்களின் குடியிருப்பே அங்கு வெளிப்பட்டது: கல் அடித்தளமிட்ட வீடுகள், காவலுக்கெழுப்பிய கற்சுவர்கள், உண்டு எறிந்த எலும்புகள். அவ்வெலும்புகளில் மாட்டெலும்பே மிகுதி. ஈமக்குழி, உறவினர் காட்ட விரும்பியதைக் காட்டுவது. குப்பைமேடோ யாருக்காகவும் ஒப்பனை செய்துகொள்வதில்லை. வோல்கா பகுதியில் மேட்டின் நடுவிடம் பெரும்பாலும் ஆடவர்க்கே வாய்த்தது. மேடு பெறாத பெண்டிரும் எங்கோ அடுப்பு மூட்டியிருப்பர் அல்லரோ?

ஒன்று சொல்லியாக வேண்டும். இத்தகைய ஊர்கள் மிகச் சிலவே. வண்டியும் மந்தையுமாக அம்மக்களிற் பெரும்பாலோர் இடம்பெயர்ந்து வாழ்ந்தனர் என்பது இன்றும் ஏற்கப்படும் கருத்தே. முடிவு பெரிதும் சரியாக இருந்தும் அதனை அடைந்த வழி தவறாக இருக்கலாம்.

குடியிருப்பும் ஏமாற்றும். தினீப்பர் கரையிலுள்ள தெரெயீவ்கா குடியிருப்பைத் திமித்ரி தெலேகின் 1960களில் அகழ்ந்தபோது ஒரு குதிரையின் மண்டையோடு கிடைத்தது. அதன் பற்தேய்வைக் கண்ட அமெரிக்க ஆய்வாளர் டேவிட் ஆந்தனியும் டார்கஸ் பிரவுனும், ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்குக் குதிரையேற்றம் இருந்தது என்றனர், உலகம் வியந்தது. பின்னர்க் கதிர்க்கரிமக் கணிப்பில் அக்குதிரை கி.மு. முதல் ஆயிரத்தாண்டினது, பிற்காலத்தார் தோண்டிய குழியில் விழுந்தது என்று தெரிந்தது. புகழ் தந்த அக்கூற்றை 2000ஆம் ஆண்டில் அவ்விருவரே தம் கட்டுரையில் திரும்பப் பெற்றுக்கொண்டனர்.