மூடியில் இருக்கும் பெயர்

பரணைச் சுத்தம் பண்ணும்போது ஒரு பழைய பித்தளை காம்பஸ் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையில் அடங்குகிற சைஸ். மூடியில் ‘ஸ்டான்லி, லண்டன், 1885’. மூடியின் உள்பக்கம் பொடி எழுத்தில் ஓர் ஆங்கிலக் கவிதை. உடனே வீட்டில் சரித்திரம் தயாராகிவிடும். “தாத்தாவுக்கு ஒரு வெள்ளைக்காரத் துரை கொடுத்தது” என்பார் பெரியப்பா. “இல்லல்ல, கப்பல்ல வேலை பார்த்தப்ப வாங்கினது” என்பார் அத்தை.

கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கவிதை ராபர்ட் ஃப்ராஸ்ட்டின் ‘தி ரோட் நாட் டேக்கன்’ என்றால், சந்தேகமே வேண்டாம். அது அச்சில் வந்தது 1915-ல். 1885-ல் ஃப்ராஸ்ட் பதினோரு வயதுப் பொடியன்! அடுத்து, ஸ்குரூவைப் பாருங்கள். தலையில் கூட்டல் குறி இருந்தால் அது 1930-களுக்குப் பிறகு வந்த சரக்கு. பித்தளையின் கறுப்பும் காட்டிக் கொடுக்கும். பல வருஷம் கைபட்டது கட்டைவிரல் படும் இடத்தில் தேய்ந்து, இடுக்குகளில் கறுத்திருக்கும். ஆசிடில் முக்கி எடுத்தது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கறுத்திருக்கும்.

(நிஜமான பழசும் உண்டு. முதல் உலகப்போர் கால பிரிட்டிஷ் ராணுவ காம்பஸ்களில் அம்புக்குறி முத்திரை இருக்கும். சிலவற்றில், இருட்டில் ஒளிர ரேடியம் பூசியிருப்பார்கள். ஒளி செத்தாலும் ரேடியம் சாகாது. அது பாதியாகக் குறையவே 1,600 வருஷம் ஆகும். தயவுசெய்து திறந்து நோண்டாதீர்கள்.)

ஸ்டான்லி கற்பனை ஆள் இல்லை. 1850-களில் லண்டனில் தொழில் தொடங்கி, சர்வே கருவிகளுக்குப் பேர் வாங்கியவர். ஆனால் அந்தப் பேரைத் தாங்கி இன்று கடைகளில் கிடைக்கும் ‘பழைய’ காம்பஸ்களில் ஏராளமானவை நம் ரூர்க்கியிலும் மொராதாபாத்திலும் செய்தவை. ரூர்க்கியில் 1847-ல் என்ஜினீயரிங் கல்லூரி வந்தது. அதை ஒட்டி சர்வே கருவி செய்யும் தொழிலும் அங்கே வளர்ந்தது. மொராதாபாத்துக்குப் பித்தளை நகரம் என்றே பேர்.

இதில் பொய் சொன்னது யார்? ஊசி சொல்லவில்லை, அது ஒழுங்காக வடக்கைத்தான் காட்டுகிறது. பட்டறைக்காரர் ஆர்டரில் இருந்த எழுத்தைப் பொறித்தார். மொத்த வியாபாரி பில்லில் ‘ரெப்ளிகா’ என்றே போட்டார். வழியில் எங்கேயோ அந்த வார்த்தை உதிர்ந்துவிட்டது. கடைசிக் கடைக்காரர், “பழசு மாதிரி இருக்குல்ல சார்?” என்று கேட்டதோடு சரி. கோர்ட்டில் யாரையும் பிடிக்க முடியாது. என்னைக் கேட்டால், நீங்கள் ஏமாறுவது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு, அந்த மௌனத்துக்குச் சேர்த்துக் காசு வாங்கினாரே, அவர்தான் பொய்யர்.

பி.காமில் ‘குட்வில்’ என்று ஒன்று சொல்லிக் கொடுத்தார்கள். கடையின் சரக்கு, மேஜை, நாற்காலி எல்லாவற்றையும் கூட்டிய பிறகும், பேருக்காக மேலே கொடுக்கும் தொகை. இந்த காம்பஸில் பித்தளைக்கும் கூலிக்கும் சேர்த்து ஒரு விலை. மிச்சமெல்லாம் லண்டன்காரரின் குட்வில். வாங்கியவருக்குப் பணம் போகிறது, அதை எல்லோரும் பேசுகிறோம். செய்தவருக்குப் பேர் போகிறதே? அதற்கு எந்த லெட்ஜரிலும் பத்தி கிடையாது.

இது காம்பஸோடு தொடங்கிய கதையும் இல்லை. நம் ஆற்காட்டுக்காரர் சையத் மிர் மொஹ்சின் ஹுசைன். சென்னையில் நகைக்கடையில் வேலை பார்த்தவர். இந்தியாவையே அளந்த சர்வேயில் சேர்ந்து ஜார்ஜ் எவரெஸ்ட்டிடம் கருவிகளைக் கவனித்துக்கொண்டார். லண்டனிலிருந்து வந்த நிபுணர் போன பிறகு, நுணுக்கமான வேலைகளைத் தொடர்ந்து செய்தது இவர்தான். 1840-களில் சர்வேயின் கருவித் தயாரிப்பாளர் பதவிக்கே வந்தார். எவரெஸ்ட் பேர் உங்கள் வீட்டு யு.கே.ஜி. குழந்தைக்குக்கூடத் தெரியும். ஹுசைன் பேரை நீங்கள் இதற்கு முன் கேட்டதுண்டா?

“ரூர்க்கின்னு போட்டா எவன் சார் வாங்குவான்?” என்று பட்டறைக்காரர் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறதா? அதே பித்தளை, அதே ஊசி, அதே வடக்கு. மூடியில் மட்டும் அவருடைய சொந்தப் பேர். என்ன விலைக்குக் கேட்பீர்கள்?