கண்ணாடியை உடைக்கலாமா?

லண்டன் போகிற நம் பிள்ளைகள் பிக் பென் முன்னால் ஒரு படம் எடுத்துவிட்டுக் கிளம்பிடுறாங்க. அடுத்த முறை போனால் இன்னும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. வழிகாட்டி வேண்டாம், டிக்கெட் வேண்டாம், நடக்கத் தெரிந்தால் போதும்.

வெஸ்ட்மின்ஸ்டர் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் பக்கத்திலேயே நாடாளுமன்றச் சதுக்கம். அங்கே மில்லிசென்ட் ஃபாசெட் கையில் ஒரு துணிப் பதாகையோடு நிற்கிறார். 2018-இல்தான் வைத்தார்கள், அந்தச் சதுக்கத்தின் முதல் பெண் சிலை. 1866-இல் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்கும் மனுவுக்குக் கையெழுத்துச் சேகரித்தவர். சட்டத்தை மீறாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். சட்டம் வந்தது 1918-இல். அதுவும் 30 வயது நிரம்பிய, சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கு மட்டும். 52 வருஷம்! நம்மில் யாருக்கு அந்தப் பொறுமை இருக்கு?

நாடாளுமன்றக் கட்டடத்தை ஒட்டியே தெற்கே நடங்க. 1910 நவம்பர் 18-ஆம் தேதி, மனுவோடு வந்த சுமார் 300 பெண்களைப் போலீஸ் இங்கேதான் மணிக்கணக்கில் அடித்துத் தள்ளியது. தாண்டினால் விக்டோரியா டவர் தோட்டம். அங்கே எம்மெலின் பாங்கர்ஸ்ட் சிலை. பொறுமை இழந்தவர் இவர். 1912 மார்ச்சில் இவருடைய இயக்கத்துப் பெண்கள் கடைவீதிக் கண்ணாடிகளைச் சுத்தியலால் உடைத்தார்கள்.

இங்கேதான் எனக்கு இடிக்குது. என் அப்பா சின்னதாக மளிகைக் கடை வைத்திருந்தவர். அரசாங்கம் செய்த அநியாயத்துக்குக் கடைக்காரன் ஏன் நஷ்டப்படணும்? ஆனால் பெண்கள் அடிபட்டபோது அசையாத அரசாங்கம், கண்ணாடி உடைந்ததும் பதறியதே, அதையும் மறுக்க முடியல.

காந்தி 1906-இல் லண்டனில் இருந்தபோது, சிறைக்குப் போன இந்தப் பெண்களின் துணிச்சலைப் பாராட்டி எழுதினார். பிறகு அவர்கள் வன்முறையில் இறங்கியதும் அதைக் கண்டித்தார். அவர் சிலையும் அதே சதுக்கத்தில்தான் இருக்கு.

திரும்பி வரும்போது ஃபாசெட் சிலையின் பீடத்தைச் சுற்றிப் பாருங்க. போராட்டத்துக்குத் துணை நின்ற 59 பேரில் ஒருவர் சோஃபியா துலீப் சிங், பஞ்சாபின் கடைசி மகாராஜாவின் மகள். 1910-இல் அடிவாங்கிய கூட்டத்திலும் இருந்தவர். ஓட்டு இல்லாத எனக்கு வரி எதற்கு என்று, நாய் வளர்க்கும் உரிமத்துக்குக்கூடப் பணம் கட்ட மறுத்தார். 1911-இல் அவருடைய வைர மோதிரத்தைப் பறித்து ஏலம் போட்டார்கள். தோழி ஒருவர் ஏலத்தில் எடுத்துத் திருப்பிக் கொடுத்தது தனிக் கதை!

அடுத்தவர் கடையை உடைக்காமல், நஷ்டத்தைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டார். என் மனசு இந்தப் பக்கம்தான் சாயுது. ஆனால் இளவரசியிடம் பறிகொடுக்க மோதிரம் இருந்தது. ஆலையில் வேலை செய்த பெண், ஒரு நாள் கூலி போனால் பட்டினி கிடப்பவள், எதைப் பறிகொடுத்து நியாயம் கேட்பாள்? இந்த இடத்தில் நான் இன்னும் தடுமாறிக்கொண்டுதான் இருக்கேன்.