களிம்பு எங்கே போகும்?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முலாம் பூசும் பட்டறைகளின் பின்கட்டில் கழிவுநீரை வடிகட்டும் ஃபில்டர் பிரஸ் ஓடிக்கொண்டிருக்கும். தட்டுகளைப் பிரித்தால் பாளம் பாளமாக ஸ்லட்ஜ் என்னும் கழிவுச் சேறு விழும். நிக்கல் இருந்தால் வெளிர்பச்சை, தாமிரம் இருந்தால் நீலம், இரும்பு கலந்திருந்தால் துருச்சிவப்பு. நட்டுக்கும் போல்ட்டுக்கும் பைக் உதிரிபாகங்களுக்கும் பளபளப்பு ஏற்றிவிட்டுக் கழுவிய தண்ணீரில் மிஞ்சிய உலோகம்தான் இது. தண்ணீரில் குரோமியம் இருந்தால், முதலில் அமில நிலையில் சோடியம் மெட்டாபைசல்பைட் சேர்த்து, ஆறு இணைதிறன் கொண்ட நச்சு வடிவத்தை மூன்று இணைதிறனுக்கு இறக்குவார்கள். அப்புறம் சுண்ணாம்பு போட்டால் உலோகம் அடியில் படிந்துவிடும்.

2016-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி இது அபாயகரமான கழிவு. கும்மிடிப்பூண்டியில் உள்ள பாதுகாப்பான நிரப்புத்தளத்துக்கு அனுப்பலாம். அல்லது மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியோடு வேறொன்றுக்கு மூலப்பொருளாக்கலாம். இரண்டாவது வழிதான் எல்லோரையும் ஈர்க்கிறது. செங்கல்லிலும் பேவர் பிளாக்கிலும் கலந்துவிட்டால் கழிவும் தீரும், மண்ணும் மிச்சமாகும் அல்லவா?

தீருமா என்பதுதான் கேள்வி. அழுக்கை அழிக்க முடியுமா, இடம் மாற்றத்தான் முடியுமா? பொறியாளர்களுக்கு வெகுகாலம் முன்பே சமயவாதிகள் மல்லுக்கட்டிய கேள்வி இது. அந்த வழக்குக்கு இந்த வட்டாரத்திலேயே சாட்சிகள் உண்டு.

பூந்தமல்லியில் பிறந்தவர் திருக்கச்சி நம்பிகள். காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசும் தொண்டு செய்தவர், பிராமணர் அல்லர். அவர் உண்டு மிஞ்சியதை உண்ண வேண்டும் என்று ஆசைப்பட்டு ராமானுஜர் அவரை வீட்டுக்கு அழைத்தார் என்று குருபரம்பரைக் கதை சொல்கிறது. ராமானுஜர் வெளியே போயிருந்த நேரத்தில் நம்பிகள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். ராமானுஜரின் மனைவி மிச்சத்தை எறிந்து, இடத்தை மெழுகி, குளித்துவிட்டுப் புதிதாகச் சமைத்தார். திரும்பி வந்த ராமானுஜர் மனம் நொந்துபோனார். அங்கே இலையில் எந்த அழுக்கும் இல்லை. மனிதர்கள் கற்பித்த தீட்டு மட்டுமே இருந்தது. அதைத் தூக்கி எறிய வேண்டும் என்பதில் ராமானுஜருக்குச் சந்தேகமே இல்லை.

ஸ்லட்ஜின் தீட்டு வேறு வகை. ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் தரும். தொடுகிறவர் யார், குலம் எது என்று அது பார்ப்பதில்லை. இல்லாத தீட்டுக்கு நூற்றாண்டுகளாக ஒதுங்கி நின்ற சமூகம், இருக்கிற தீட்டின் அருகே கையுறைகூட இல்லாமல் ஆட்களை நிறுத்துகிறது. வேதனையான தலைகீழ் இது.

இந்த இடத்தில் சைவ சித்தாந்தம் சொல்வதைக் கேட்பது பயன் தரும். உயிரில் ஆணவம் என்னும் அழுக்கு செம்பில் களிம்பு போல் ஒட்டியிருக்கிறது என்பது அதன் பழைய உவமை. அந்த ஆணவம் முத்தியிலும் அழிவதில்லை, அதன் சக்தி மட்டுமே அடங்குகிறது என்கிறது சித்தாந்தம். உலோகத்தின் கதையும் இதுவே. குரோமியத்தை எந்த உலையும் இல்லாமல் ஆக்காது. சிமென்ட்டில் கட்டிவைத்தால் அடங்கியிருக்கும், அவ்வளவுதான். சுண்ணாம்பு கலந்த ஸ்லட்ஜைக் காற்றோட்டமுள்ள சூளையில் சுட்டால், மூன்றாக இறக்கிய குரோமியம் மறுபடி ஆறாக ஏறிவிடவும் கூடும். அடங்கியதைக் கிளப்பிவிடும் தீ அது.

அடங்கியிருக்கிறதா என்று பார்க்க ஒரு கரைவுச் சோதனை உண்டு. ஸ்லட்ஜ் கலந்த கல்லை உடைத்து, அசெட்டிக் அமிலக் கரைசலில் போட்டு, 18 மணி நேரம் சுழற்றி, கரைந்து வந்ததை அளப்பார்கள். குரோமியத்துக்கு விதிகள் தரும் வரம்பு லிட்டருக்கு 5 மில்லிகிராம். குடிநீருக்கு இந்தியத் தரநிர்ணயம் அனுமதிப்பது 0.05 மில்லிகிராம். நூறு மடங்கு வித்தியாசம். ஆகவே சோதனையில் தேறிய கல், அபாயகரமான கழிவுக்கான வரம்பைத் தாண்டவில்லை, அவ்வளவே; தீங்கற்றது என்ற சான்று இன்னும் பெறவில்லை.

கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ராணிப்பேட்டை இருக்கிறது. 1990-களின் நடுவில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவைத் திறந்தவெளியில் விட்டுச் சென்றது. நிலத்தடி நீர் மஞ்சளானது. 2015 ஜனவரி 31 அதிகாலையில், அதே ஊரிலுள்ள தோல் கழிவுநீர் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஸ்லட்ஜ் தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் சேற்றில் புதைந்து இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். எனவே ஸ்லட்ஜைக் குவித்து வைப்பதும் அறமாகாது. கட்டத்தான் வேண்டும். யார் வீட்டில் கட்டுவது?

செய்தவரே வினையை நுகர வேண்டும், கைமாற்றித் தர வழியில்லை என்று நம் சமயங்களில் ஒரு பழைய குரல் சொல்கிறது. கல் கைமாற்றித் தருகிறது. லாபம் பட்டறைக்கு, மினுமினுப்பு வண்டி வாங்கியவருக்கு. களிம்பு மட்டும் ஆவடிப் பக்கம் மலிவு விலையில் கல் வாங்கிக் கட்டுபவரின் சுவருக்கு. அந்தச் சுவரில் ஆணி அடிப்பார்கள், இன்னொரு நாள் இடிப்பார்கள், இடிபாட்டை ஏரிக்கரையில் கொட்டுவார்கள்.

அனல்மின் நிலையச் சாம்பல் கட்டுமானத்துக்கு வந்த வழி இதைவிட நேர்மையானது. 1999-இல் அரசு அறிவிக்கை வந்து, அனல்மின் நிலையங்களுக்கு அருகிலுள்ள செங்கல் சூளைகள் சாம்பலைச் சேர்க்க வேண்டும் என்றானது. இன்று கடையில் 'ஃப்ளை ஆஷ் கல்' என்று பெயர் சொல்லித்தான் விற்கிறார்கள். வாங்குபவருக்கு எதை வாங்குகிறோம் என்று தெரியும்.

முலாம் பட்டறை ஸ்லட்ஜ் வீட்டுச் சுவருக்கு வேண்டாம். நிக்கலையும் தாமிரத்தையும் கழுவுநீரிலிருந்தே பிரித்தெடுக்க அயனிப் பரிமாற்ற முறை இருக்கிறது. சிறு பட்டறைகள் சேர்ந்து அமைத்தால் கட்டுப்படியாகும், அரசு கைகொடுக்க வேண்டும். மிஞ்சுவதைக் கல்லாக்கினால், எந்தப் பட்டறை, எந்தச் சோதனை, எங்கே பதித்தது என்ற பதிவேடு அந்தக் கல்லோடு போகட்டும். அம்பத்தூரிலோ ஆவடியிலோ திருமழிசையிலோ வீடு கட்டுகிறவர்கள், விலை மலிவாக ஒரு புதுவகைக் கல் வந்தால், இதில் என்ன கலந்திருக்கிறது என்று கேளுங்கள். கரைவுச் சோதனை அறிக்கையைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.